வழி கூறாத கட்டுரை

சென்ற மாதம் மாணாக்கரின் ஒப்படைக் கட்டுரைகள் இருபத்தேழு என் கைக்கு வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. எழுத்துப்பிழை குறைவு, நடையிலும் ஓட்டம் இருந்தது. ஆயினும், ஒன்றைத் தவிர ஏனையவெல்லாவற்றுக்கும் ஒரு குறை பொதுவாயிருந்தது. ‘அறிஞர் கூறுவர்’, ‘ஆய்வாளர் கருத்து’, ‘சங்க இலக்கியத்தில் வருகின்றது’ என்ற தொடர்கள் பக்கந்தோறும் வந்தன. எந்த அறிஞர், எந்த நூலில், எந்த இடத்தில் என்பது மட்டும் இல்லை. சில கட்டுரைகளின் இறுதியில் ‘உசாத்துணை நூல்கள்’ என்றொரு பட்டியல் இருந்தது. அப்பட்டியலுக்கும் கட்டுரைக்கும் உள்ள உறவு யாதெனப் பட்டியலை எழுதியவருக்கே தெரியாது. கலியாண வீட்டு வாசலிற் கட்டிய வாழைபோல அஃது அழகுக்கு நின்றது. தவிர்த்துச் சொன்ன அந்த ஒரு கட்டுரையைப்பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

இக்குறையை வகுப்பில் எடுத்துரைத்தபோது ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, அடிக்குறிப்பு எழுதுவதெல்லாம் மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த வழக்கமல்லவா? எங்கள் பண்டித மரபில் அஃது உண்டோ?” என்று வினவினார். துணிவான வினா, நல்ல வினாவுங்கூட. அன்று மணி அடித்துவிட்டமையால் விடை கூற இயலவில்லை. ஈண்டுக் கூறுகின்றேன்.

நன்னூலைப் பாடங்கேட்டவர் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணத்தை அறிவர். ஒரு நூலுக்குப் பாயிரஞ் செய்வோன் அறிவிக்கவேண்டிய செய்திகள் எட்டு என அங்கே வரையறுக்கப்பட்டிருக்கின்றது. நூலைச் செய்தவன் யார் என்பது முதலாவது. அதற்கடுத்து நிற்பது யாது? நூலின் பெயரன்று, அதன் பொருளுமன்று, பயனுமன்று. ‘வழி’ என்பதே. இந்நூல் எதன் வழியாக வந்தது, யாரிடத்துப் பெற்றது என்பதைச் சொல்லிய பின்னரே ஏனைய ஆறும் சொல்லப்படும். முதனூல், வழிநூல், சார்புநூல் என்று நூல்களை வகுத்ததும் இதன்பொருட்டே. வழிநூல் செய்தவன் தன்னூலை முதனூலென்று காட்டுவானாயின் அவன் நூலின் இனத்தையே மறைத்தவனாவான். பெற்ற தகப்பன் பெயரை மறைத்துப் பிறப்புப் பதிவு செய்வதை ஒக்கும் அது.

நூலாசிரியர் கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்றுஞ் சொல்லப்பட்டிருக்கின்றது. பிறர் கருத்துக்கு இசைதல், அதனை மறுத்தல், முதலிலே ஏற்றுப் பின்பு களைதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருவர் பக்கந் துணிதல், பிறர் நூலிலுள்ள குற்றத்தைக் காட்டுதல் என்னும் ஐந்தும் பிறரை முன்னிறுத்தியே நிகழ்வன. தானே ஒன்றை நாட்டி நிறுவுதலும், எவரோடுஞ் சேராது தன் கொள்கையைக் கொள்ளுதலும் ஆகிய எஞ்சிய இரண்டுங்கூட, பிறர் கூறியது இன்னது என்று அறிந்தவனுக்கே இயலும். ஆகவே, யார் சொன்னதை ஏற்கின்றோம், யார் சொன்னதை மறுக்கின்றோம் என்று காட்டாத கட்டுரை, எம் மரபின்படியே மதம் இல்லாத கட்டுரையாம். ‘மேற்கோள்’ என்ற சொல் எமது. அதன் ஒழுங்கும் எமதே. பக்கத்தின் அடியிற் சிற்றெழுத்தில் அச்சிடும் முறை மட்டுமே பின்வந்தது.

இதற்கு ஒரு தடை கூறலாம். ‘என்மனார் புலவர்’ என்று தொல்காப்பியனாரே பொதுவிற் கூறிச் செல்லவில்லையா? எந்தப் புலவர் என்று அவர் பெயர் சுட்டினாரா? அவர்க்கு அடுத்த வழக்கு எங்களுக்கு ஆகாதோ? தடை வலிதே. ஆயினும் இரண்டைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, பெயர் சுட்டாவிடினும் ‘இஃது எனது அன்று’ என்பதை அவர் மறைக்கவில்லை. எங்கள் மாணாக்கர் பலர் அந்த ஒரு சொல்லையும் எழுதாமல் விட்டுவிடுகின்றனர். இரண்டாவது, ஆசிரியனுக்கு முன்னிருந்து கேட்பவர்க்கு, எவர் சொன்னார் என்பதை வாயாற் கேட்டறியும் வாய்ப்பு இருந்தது. அக்கூட்டம் கலைந்தபின் அவ்விடையும் உடன் போயிற்று. அப்புலவர் யாவர் என்பதைச் சொல்ல இன்று எவராலும் இயலாது. முன்னோர் விட்ட இடைவெளியால் நாம் இழந்ததை அறிந்தபின்பும் அதே இடைவெளியை விடுவது மரபைப் பேணுதலாகாது.

இழப்பு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். சீவகசிந்தாமணியை அச்சிட முயன்ற உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையைப் படிக்கும்போது பட்ட இடர்ப்பாட்டை ‘என் சரித்திரம்’ என்னும் தமது நூலில் விரிவாக எழுதியிருக்கின்றார். உரைகாரர் பழைய நூல்களினின்றும் எடுத்துக் காட்டிக்கொண்டே செல்கின்றார்; பல இடங்களில் நூலின் பெயர் இல்லை. உரைகாரர் காலத்து மாணாக்கர்க்கு அஃது இன்ன நூல் என்பது கேட்டமாத்திரத்தே விளங்கியிருக்கும். சில நூற்றாண்டு கழிந்தபின், அவ்வடிகள் வருமிடத்தைத் தேடுவதே ஒரு தவமாயிற்று. பத்துப்பாட்டும் எட்டுத்தொகையுமாகிய ஏடுகளைப் புரட்டியே ஐயரவர்கள் அவ்விடங்களைக் கண்டுகொண்டார்கள். சிந்தாமணி 1887ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதன் பின்னர் அவர்கள் வெளியிட்ட பதிப்புக்களைப் பாருங்கள். உரையில் வரும் மேற்கோள்களுக்கு இடங்காட்டும் அகராதி இருக்கும். ஏடு உதவியவர்களின் பெயர்கள் முகவுரையில் வரிசையாக இருக்கும். தாம் பட்ட இடர் தமக்குப் பின்வருவோர் படலாகாது என்ற கருணையே அது. எங்கள் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளையும் மாணாக்கர் ஒருமுறையேனும் படித்தல் வேண்டும்.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், இசைக்கும் நாடகத்துக்கும் உரிய பழைய நூல்களுள் இன்னின்னவை இறந்துபட்டன என்று பெயர் சொல்லுகின்றார். பின்பு, தாம் துணைக்கொண்ட நூல்கள் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் என்பவை என்றும் பெயர் சொல்லுகின்றார். இல்லாததை இல்லை என்றார். உள்ளதை உள்ளது என்றார். இதனால் விளைந்த பயன் யாது? பஞ்சமரபு என்னும் நூலின் ஏடு இருபதாம் நூற்றாண்டிலே கிடைத்து அச்சேறியபோது, அஃது இன்ன நூல் என்று தமிழுலகம் அறிந்துகொண்டது. அந்நூல் கிடைப்பதற்கு முன்னரே, 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள், சிலப்பதிகார உரைகளையும் அவற்றினுள்ளே பொதிந்திருந்த மேற்கோள்களையும் துணையாகக் கொண்டே மறைந்த யாழின் இலக்கணத்தை ஆராய்ந்தார்கள். ஓர் உரைகாரர் நேர்மையாக எழுதிவைத்த பெயர்கள் சில நூற்றாண்டுகள் கடந்தும் பயன்பட்டமை காண்க.

எங்கள் ஊர்ச் சான்றையும் சொல்வேன். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலைக்கு ஆதாரமான நூல்கள் நான்கு: கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. நூற்றொடக்கத்தில் இவை சொல்லப்பட்டிருத்தலால் நாம் இவற்றை அறிகின்றோம். முன்னிரண்டும் இன்று உள்ளன. பின்னிரண்டும் மறைந்தன, பெயர் மட்டும் எஞ்சியது. அப்பெயரை எழுதிவைத்தமைக்காக யாழ்ப்பாணத்தார் புலவருக்குக் கடமைப்பட்டவர்கள். ஆயினும் எந்தச் செய்தி எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவர் ஆங்காங்கே குறிக்கவில்லை. அதனால், கிடைக்கும் இரு நூல்களிலும் காணப்படாத செய்தியொன்று வைபவமாலையில் வரும்போது, அது மறைந்த நூல்களுள் ஒன்றன் வாக்கோ, செவிவழிக் கதையோ, புலவர் தாமே கூட்டியதோ என்று துணிய வழியில்லை. ஞானப்பிரகாச சுவாமிகள் 1928ஆம் ஆண்டில் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுத நேர்ந்ததும், பின்வந்த வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருப்பதும் இத்தகைய ஐயங்களாலன்றோ? நூலின் இறுதியிலோ முதலிலோ ஒரு பட்டியலைத் தருதல் போதாது; செய்தி வருமிடத்திலேயே அதன் ஆதாரத்தைக் காட்டுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடத்தை யான் அறியேன்.

நூல்கள் அழியும் என்பதை எங்களுக்குப் பிறர் சொல்லவேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அத்தகைய நூலொன்றை அதற்கு முன்னர் படித்து, பெயரும் பக்கமும் குறித்துத் தன் கட்டுரையில் நாலு வரி எடுத்தாண்ட மாணவன் ஒருவன் இருந்திருப்பானாயின், அந்த நாலு வரியே இன்று அந்நூல். தகடூர் யாத்திரையும் வளையாபதியும் எமக்குச் சில பாடல்களாகவேனும் எஞ்சியது, உரைகாரர்களும் புறத்திரட்டைத் தொகுத்தவரும் அவற்றை எடுத்து வைத்தமையாலன்றோ?

இனி, செய்யும் முறையைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, நூலின் பெயரோடு பதிப்பையும் குறித்தல் வேண்டும். ‘தொல்காப்பியம், சொல்லதிகாரம், இத்தனையாம் சூத்திரம்’ என்று எழுதினால் ஆகாதோ எனின், ஆகாது. இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் சூத்திரங்களைப் பிரிப்பதிலும் கூட்டுவதிலும் வேறுபடுவர். அதனால் எண் மாறும். திருக்குறளிலுங்கூட, மணக்குடவர் ஓரதிகாரத்துட் குறள்களை வைத்த வரிசை பரிமேலழகர் வரிசையினின்றும் வேறுபடும். ஆகையால் யாருடைய உரை, யாருடைய பதிப்பு, எந்த ஆண்டு, எத்தனையாம் பக்கம் என்னும் நான்கும் வேண்டும். படிப்பவர் எழுந்து சென்று அந்நூலை எடுத்து அவ்விடத்தைத் திறந்து பார்க்கக்கூடியதாயிருத்தலே அளவுகோல். குறியீட்டு முறைகள் பலவுள, எம்முறையையும் கொள்க, கொண்டதை இறுதிவரை மாற்றற்க.

இரண்டாவது, மூலத்தையும் உரையையும் மயக்கலாகாது. அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகத் திருவள்ளுவர் பகுத்தார் என்று இவ்வாண்டும் மூன்று மாணாக்கர் எழுதியிருந்தனர். அப்பகுப்பு பரிமேலழகர் தமது உரைப்பாயிரத்திற் செய்தது, குறளில் இல்லை. உரைகாரர் கருத்தை மூலநூலார் தலையிற் சுமத்துவது இருவர்க்கும் செய்யும் அநீதி.

மூன்றாவது, தாம் கண்ட நூலையே கண்டதாகச் சொல்லுதல் வேண்டும். ‘வளையாபதியிலே’ என்று ஒருவர் எழுதுகின்றார். முழு வளையாபதியை இன்று கண்டவர் எவருமில்லை. அவர் கண்டது புறத்திரட்டில் ஒரு பாடல். அல்லது புறத்திரட்டினின்றும் எடுத்த வேறொருவர் கட்டுரை. அப்படியாயின் அவ்வாறே எழுதுக. இன்னார் இன்ன நூலில் எடுத்துக்காட்டியது என்று எழுதுவதில் இழிவு யாதுமில்லை. காணாததைக் கண்டதாகச் சொல்வதிலேயே இழிவு உண்டு. எடுத்தவர் பிழைவிட்டிருந்தால், அப்பிழையும் உங்கள் பெயரிலே ஏறும்.

நான்காவது, பிறர் சொல்லை அப்படியே எடுத்தால் மேற்கோட்குறி இடுக. கருத்தை மட்டும் எடுத்துத் தம் சொல்லில் எழுதினாலும் ஆதாரங் காட்டுக. சொல்லை மாற்றியவுடன் பொருள் தமதாகிவிட்டது என்று எண்ணுவது பெருந்தவறு. பசுவுக்கு வேறு கயிறு கட்டினால் பசு தமதாகிவிடாது. அதேவேளை, திருக்குறள் 1330 குறட்பாக்களையுடையது என்பது போன்ற, யாவரும் அறிந்த செய்திக்கு அடிக்குறிப்புத் தேடி அலையவும் வேண்டா. ஐயுற்றவிடத்துக் காட்டுவதே நன்று.

ஐந்தாவது, இக்காலத்துக்கு உரியது. இணையத்தின் வழியாக நூல்களைப் பெறும் வாய்ப்பு எங்கள் இளமையில் இல்லை. நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் திரட்டி எவரும் படிக்க வைத்திருப்பது பெருந்தொண்டு. அங்கே கண்ட நூலுக்கும் பதிப்பும் பக்கமும் குறிக்க இயலும், குறிக்கவும் வேண்டும். யாரோ தட்டெழுதி உலவவிட்ட பாடலை மட்டும் நம்பலாகாது. அச்சுப் பிரதியின் படத்தோடு ஒப்புநோக்குக. வினாவினால் விடை எழுதித்தரும் கணினிப் பொறிகளும் வந்துவிட்டன. அவை சிலவேளை இல்லாத பாடலுக்கு எண்ணும், எழுதப்படாத நூலுக்குப் பக்கமும் தருகின்றன. பொறி சொல்லிற்று என்பது ஆதாரமாகாது. அது சொன்ன இடத்தைத் திறந்து கண்ணாற் கண்டபின்னரே எழுதுக.

இவ்வளவும் மாணாக்கர்க்குச் சொன்னேன். ஆசிரியர்க்குச் சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. அதனை எனக்கே சொல்லிக்கொள்ளுகின்றேன்.

இருபத்தேழு கட்டுரைகளுள் ஒன்றைத் தவிர்த்துச் சொன்னேனல்லவா? அதனை எழுதியவர் பாலபண்டித வகுப்பு மாணவி ஒருவர். ஒவ்வொரு செய்திக்கும் நூலும் பதிப்பும் பக்கமும் குறித்திருந்தார். கலித்தொகைப் பாட்டொன்றுக்கு அச்சிட்ட உரை எதிலும் இல்லாத ஒரு விளக்கத்தைத் தந்துவிட்டு, அடியில், ‘இது எமது ஆசிரியர் வகுப்பிற் கூறியது’ என்று என் பெயரையும் திகதியையும் எழுதியிருந்தார். படித்தவுடன் மகிழ்ந்தேன். அன்றிரவு அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அவ்விளக்கம் என்னுடையதன்று.

அஃது என் ஆசிரியர் சொன்னது. 1993ஆம் ஆண்டிலே, மின்சாரம் இல்லாத நாளில், குப்பிவிளக்கு வெளிச்சத்தில் அவர் சொல்ல யான் கேட்டது. அவர் நூலொன்றும் அச்சிடவில்லை. ஐம்பது ஆண்டுக்கால வாசிப்பின் பயனைக் கொப்பிகளில் எழுதி ஒரு றங்குப்பெட்டியில் வைத்திருந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்களெல்லாம் ஊரைவிட்டு நீங்கியபோது அப்பெட்டியைச் சுமந்து செல்ல ஆளில்லை. அடுத்த ஆண்டு திரும்பிவந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை; பெட்டியும் இல்லை. சில ஆண்டுகளில் அவரும் காலமானார். அவர் கற்றறிந்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பது, கேட்டவர் நினைவில் உள்ளது மட்டுமே. அதனையே யான் இருபது ஆண்டுக்கு மேலாக, ‘என் ஆசிரியர் சொன்னது’ என்ற மூன்று சொற்களைக் கூட்டாமல், வகுப்புத்தோறும் சொல்லிவந்திருக்கின்றேன். வஞ்சகமாகச் செய்யவில்லை. சொல்லிச் சொல்லி அஃது என்னுடையதுபோல ஆகிவிட்டது. களவு பெரும்பாலும் அவ்வாறுதான் நிகழ்கின்றது போலும். அம்மாணவி ஒழுங்காகக் காட்டிய ஆதாரம் பொய்யாயிற்று, பொய்யாக்கியவன் யான்.

வகுப்பிலே குறிப்புச் சொல்லி எழுதுவிக்கும் ஆசிரியர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். நாம் நூற்பெயர் சொல்லாது குறிப்புக் கொடுக்கின்றோம்; பரீட்சைக்கென மாதிரிக் கட்டுரை எழுதி மனனஞ் செய்விக்கின்றோம்; அவற்றை அப்படியே ஒப்புவிப்பவருக்கு நிறைந்த புள்ளியும் இடுகின்றோம். பின்பு அதே மாணாக்கர் பல்கலைக்கழகம் புகுந்து பிறர் எழுத்தைத் தமதாக்கும்போது, ‘இக்காலத்துப் பிள்ளைகளுக்கு நேர்மை இல்லை’ என்று வருந்துகின்றோம். வழி கூறாதிருக்கக் கற்பித்தவர் நாமே. ஒவ்வொரு பாடத்திலும் ‘இதனை இன்ன நூலிற் கண்டேன்; இதனை இன்னாரிடங் கேட்டேன்; இஃது என் ஊகம்’ என மூன்றையும் பிரித்துச் சொன்னால், அடிக்குறிப்பு எழுதக் கற்பிக்கத் தனிப்பாடம் வேண்டா.

மறுநாள் அம்மாணவியை அழைத்து, கட்டுரையில் என் பெயரை அடித்து, என் ஆசிரியர் பெயரை எழுதினேன். அதனருகே, அவர் சொல்லக் கேட்ட ஆண்டையும் கேட்டவன் யான் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். அப்பெயரை ஈண்டு எழுதாமைக்குக் காரணமுண்டு. அஃது இருக்கவேண்டிய இடம் அவ்விளக்கம் சொல்லப்படும் இடம். அவ்விளக்கத்தை ஈண்டு யான் சொல்லவில்லை. அதனை விரித்து எழுதும்போது முதல் வரியிலேயே அவர் பெயர் இருக்கும்.

மாணவி அதனைப் படித்துவிட்டு, “அவருக்கு இதை யார் சொன்னது, ஐயா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. யான் அவரிடம் கேட்கவில்லை. இன்று கேட்க ஆளில்லை. அம்மாணவி கட்டுரையை வாங்கிக்கொண்டு சென்றபின், இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.